பந்தைத் திருப்பி எறிந்தவர்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் எழுந்து நிற்கக் கூடாது என்று பெரியம்மா சொல்லிவைத்திருந்தார். பாகூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அவர்கள் வருவதற்கு முன்பே என்னை அதில் உட்கார வைத்துவிட்டார்கள். காபித் தட்டைத் தங்கை எடுத்து வருவாள். நான் உட்கார்ந்தபடியே கும்பிட வேண்டும். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை அசையக் கூடாது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் நான் எழுந்து நின்ற பிறகுதான் தட்டிப்போயின என்பது பெரியம்மாவின் தீர்மானம். என் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம்.

வந்தவர் ஒதியம்பட்டுக்காரர். திருபுவனைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அப்பாவும் பிள்ளையுமாக இரண்டே பேர் வந்திருந்தார்கள். அவருடைய அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊர், நிலம், வேலை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது அவர் என்னைப் பார்த்து, கொஞ்சம் எழுந்து நிற்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு முட்டி வலி என்று பெரியம்மா முந்திக்கொண்டார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடிப் பழகிய முட்டி அது. எனக்குக் கோபம் வந்து எழுந்து நின்றேன். அவரும் எழுந்தார். அவர் உச்சந்தலை என் புருவத்துக்கு நேராக இருந்தது. நிதானமாக அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் அப்பாவிடம் திரும்பினார்.

"பரண் மேல இருக்கிற அண்டாவ எடுக்க இனிமே ஏணி வாணாம்பா."

முகத்தில் சிரிப்பே இல்லை. ஏதோ வீட்டு வேலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அவருடைய அப்பா வாயை மூடுடா என்று அதட்டினார். பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு மறுக்க என்ன இருக்கிறது? இரண்டு மாதத்தில் கல்யாணம் ஆயிற்று.

நான் கூடைப்பந்து ஆடுபவள் என்பது அவருக்குத் தெரியும். எந்த அளவுக்கு என்பது தெரியாது. பதினேழு வயதில் நாட்டின் இளையோர் அணிக்காக ஒரு முறை ஆடியிருக்கிறேன். அதன் பிறகு பெரியவர்கள் அணிக்கான முகாமுக்கு இரண்டு தடவை அழைத்தார்கள், இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் கழித்துவிட்டார்கள். வில்லியனூர் சாலையில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. கல்யாணத்தோடு என் ஆட்டம் முடிந்தது என்று நானே நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாமனார் ஒன்றரைக் காணியில் நெல் வைப்பவர், அதிகம் பேசமாட்டார், சமைத்து வைப்பதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறதென்று தட்டைத் தானே கழுவி வைப்பவர். தடையாக யாருமே இல்லாதபோதும் ஒரு விஷயம் நம் கையை விட்டுப் போகும் என்பதை அப்போது பார்த்தேன்.

கல்யாணமாகி ஆறாவது மாதம் என்று ஞாபகம். அவருக்கு முதல் ஷிப்ட். மழை வரும்போல் இருந்ததால் என்னைக் கூட்டிப்போக வண்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்திருந்தார். பிள்ளைகள் போன பிறகு சிமென்டுத் தரையில் நான் தனியாக எறிந்துகொண்டிருந்தேன். எறிவேன், ஓடிப் போய்ப் பந்தை எடுப்பேன், திரும்ப ஓடி வருவேன். வளையத்தில் வலை இல்லாததால் பந்து உள்ளே விழுந்தாலும் மதில்வரை போய்விடும். அவர் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார் என்று தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிமேல் வைத்துவிட்டு வளையத்துக்குக் கீழே வந்து நின்றார். விழுந்த பந்தை எடுத்து என்னிடம் போட்டார். நான் எறிந்தேன். மறுபடி எடுத்துப் போட்டார். மழை பிடிக்கும் வரை அப்படியே நடந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியில் முன்னால் இருந்தபடி கேட்டார்.

"ஒரு மணி நேரத்துல முக்கா மணி உனக்கு ஓட்டத்துலயே பூடுது. எடுத்துப் போட ஆள் இருந்தா எத்தினி போடலாம்?"

தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று பார்த்துப் பழகிய மனிதர். என் ஆட்டத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். இருநூறு முந்நூறு போடலாம் என்றேன். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நேரே பள்ளிக்கு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அளவு நாடா, ரசமட்டம், ஸ்பானர்களோடு வந்தார். வளையம் முன்பக்கம் இரண்டு விரல் அளவு சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தினார். நைலான் கயிற்றில் தானே ஒரு வலை பின்னிக் கட்டினார். பிறகு தரையில் இருந்த கோட்டைக் காட்டி, வெளிநாட்டு ஆட்டங்களில் இந்த வளைகோடு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்டார். அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் மூன்று புள்ளி. உள்ளே இருந்து போட்டால் இரண்டுதான். ஆறே முக்கால் மீட்டர் என்றேன். நாடாவைப் பிடித்து அளந்தார். இன்னொரு தரம் அளந்தார்.

"இங்க அரை மீட்டர் கொறையுதே. இத்தினி நாளா நீ கிட்ட நின்னு போட்டுக்கினு இருந்திருக்க."

எனக்குத் தெரியும். விதி மாறிப் பல வருடம் ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் யாரும் கோட்டை மாற்றவில்லை. நான் குத்துமதிப்பாக ஓரடி தள்ளி நின்று போடுவேன். அதைச் சொன்னதும் அவருக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். குத்துமதிப்பு என்ற சொல்லையே அவரால் தாங்க முடியாது. அன்று மாலைக்குள் சுண்ணாம்பில் குறித்து, மஞ்சள் பெயின்டில் புதுக் கோடு போட்டார். முழங்கால் வரை மஞ்சளோடு வீட்டுக்கு வந்த மகனைப் பார்த்து மாமனார், மாட்டுக்கு மஞ்சள் பூசும் நாள் இன்னும் வரவில்லையே என்றார்.

பந்தைத் திருப்பி எறிவதுதான் அவருக்கு வரவில்லை. எனக்கு அது நெஞ்சுக்கு நேராக, நான் கையை விரித்து வைத்திருக்கும் இடத்துக்கு வர வேண்டும். வாங்கிய வேகத்திலேயே எழும்பி எறிந்தால்தான் தடுப்பவள் வந்து சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போகும். அவர் எறிந்தால், வரப்பில் நின்று நாற்று முடியை வயலுக்குள் வீசுவதுபோல் கீழிருந்து வரும். என் முட்டிக்கு வரும், கணுக்காலுக்கு வரும், சில சமயம் பக்கத்து மரத்துக்குப் போகும். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டே எறியப் பழகினேன். குறை சொல்ல மனம் வரவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, சாப்பிடாமல்கூட வந்து நிற்கிற ஆள்.

ஆனால் அவருக்கே தெரிந்திருக்கிறது. ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், பின்வாசலில் டொம் டொம் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், மாமனார் தோளில் துண்டோடு மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்று இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறார். மகன் எதிரில் நின்று அவருக்குப் பந்தை எறிந்துகொண்டிருக்கிறார். மேலே வருது, கீழே வருது என்று மாமனார் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பந்தைக் கீழே வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் ஆயிற்று என்று இரண்டு பேருமே மாட்டை நோக்கிப் போனார்கள். நானும் எதையும் பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முந்நூறு. அவர் விழுந்ததை மட்டும் சத்தமாக எண்ணுவார். விழாததைப் பற்றிப் பேசவே மாட்டார். மோசமான நாட்களில் வலைக்குக் கீழே நின்று வளையத்தை அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு இது கொஞ்சம் சின்னதாகிவிட்டதோ என்று தனக்குள் கேட்டுக்கொள்வதுபோல் முணுமுணுப்பார். எனக்குக் கோபமெல்லாம் போய்விடும்.

மறுபடியும் புதுச்சேரி அணிக்கு ஆடினேன். தேசியப் போட்டியில் எங்கள் அணி சீக்கிரமே வெளியேறிவிட்டது, ஆனால் தூரத்திலிருந்து நான் போட்டவை யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கின்றன. நாட்டின் பெண்கள் அணிக்கான முகாமுக்கு அழைப்பு வந்தது. நாற்பது நாள், வேறு மாநிலத்தில். எனக்கு இருபத்தேழு வயது. போகலாமா என்று தயங்கினேன். மூன்றாவது தடவையும் கழித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான பயம். வெளியே சொல்லும்போது வீட்டில் யார் சமைப்பார்கள் என்று சொன்னேன். மாமனார் கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நாலு வருசம் நாங்க ரெண்டு பேரும் இன்னா, பட்டினியா கெடந்தோம்? போய்ட்டு வாம்மா."

முகாமில் இருபத்து நான்கு பேர் இருந்தோம். வயதில் என்னைவிட மூத்தவள் ஒருத்திதான். அறையில் என்னோடு தங்கியவள் பஞ்சாப்காரி, ஆறடி மூன்று அங்குலம், எங்கள் அணியின் நடு ஆட்டக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, என் இந்தி கடையில் பேரம் பேசக்கூடக் காணாது. ஆனாலும் முதல் வாரத்திலேயே என் கால்வலிக்கு அவள் எண்ணெய் தேய்த்துவிடும் அளவுக்குப் பழகிவிட்டோம். தினமும் மாலையில் அவர் போன் செய்வார். எத்தனை போட்டாய், எத்தனை விழுந்தது. எடுத்துப் போட யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டார். இங்கே அதற்கு ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள், விழும் பந்தை அதுவே பிடித்துத் திருப்பி எறியும் என்றேன். பிறகு அது எப்படி வேலை செய்கிறது, மோட்டார் எங்கே இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில், நெஞ்சுக்கு நேராகப் போடுகிறதா என்று கேட்டார். போடுகிறது என்றேன். நல்ல மிஷின் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏன் உண்மையைச் சொன்னோம் என்று இருந்தது.

முகாம் முடியும் அன்று பன்னிரண்டு பேர் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். நான் கீழிருந்து படித்துக்கொண்டு வரலாம் என்று நினைத்திருந்தேன், அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பெயர் என்னுடையது. பஞ்சாப்காரி என்னை அப்படியே இடுப்போடு தூக்கிவிட்டாள். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதுகூட என்னைத் தூக்க ஒருவரும் துணிந்ததில்லை. வேலை நேரத்தில் தொழிலாளர்கள் கையில் போன் இருக்கக் கூடாது என்பதால் தொழிற்சாலைக் கேட்டுக்குக் கூப்பிட்டு, காவலாளியிடம் தகவல் சொல்லச் சொன்னேன். காவலாளி உள்ளே போய், இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல், உங்கள் வீட்டுக்காரம்மா இந்தியாவுக்கு ஆடப் போகிறார்களாம் என்று அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறார். இடைவேளையில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"எத்தினியாவது பேரு?"

"பன்னெண்டாவது."

"செரி, உள்ள தான இருக்குது" என்றார்.

போட்டி கிழக்கே ஒரு நாட்டில். ஆசிய அளவில் எட்டு நாட்டு அணிகள். விடுதியில் மின்தூக்கிக் கதவு திறந்து ஒரு அணி முழுவதும் வெளியே வந்தபோது நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஒவ்வொருத்தியும் என்னைவிட உயரம். பஞ்சாப்காரி ஒருத்தியைப் பார்க்கப் பழகியிருந்தேன், வரிசையாகப் பத்துப் பேரை அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஊரில் பேருந்தில் ஏறினால் பெண்கள் முதலில் என் உயரத்தைக் கேட்பார்கள், அடுத்து கல்யாணம் ஆயிற்றா என்பார்கள். அங்கே யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நடந்தபோதுதான் என் முதுகு நிமிர்ந்திருப்பதைக் கவனித்தேன். பதினாலு வயதிலிருந்து கொஞ்சம் கூனியே நடந்திருக்கிறேன். அந்த ஒரு வாரம் கூனாமல் நடந்தேன்.

ஆட்டங்களில் எங்களை நசுக்கினார்கள். முதல் ஆட்டத்தில் ஐம்பது புள்ளிக்கு மேல் வித்தியாசம். அடுத்த இரண்டும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றிலும் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்துக் கொடுத்தேன், தொண்டை கட்டும் வரை கத்தினேன். அங்கே மாலை என்றால் நமக்குப் பிற்பகல். முதல் ஷிப்ட் முடிந்து வந்து அவரும் மாமனாரும் கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து நேரலை பார்த்திருக்கிறார்கள். நான் ஆடவே இல்லையே, எதைப் பார்த்தீர்கள் என்று அன்று போனில் கேட்டேன். ஆட்டத்துக்கு முந்தி எல்லோரும் எறிந்து பழகுவார்கள் அல்லவா, அதைப் பத்து நிமிடம் காட்டினார்களாம்.

"நீ முப்பத்தாறு போட்ட. இருவத்தெட்டு உள்ள போச்சு. ஓரத்துல நின்னு போட்டதுல ஒன்னு சரியா தெரியல, எவளோ குறுக்க வந்துட்டா."

ஒவ்வொரு ஆட்டத்தன்றும் அந்தக் கணக்கு வரும். பன்னிரண்டாவது ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பதில் ஒரு அவமானம் இருக்கிறது. அதை நான் அறைத்தோழியிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் மூவாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் என் பயிற்சி எறிதல்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பயிற்சியில்கூட ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன்.

கடைசி ஆட்டம் ஏழாவது இடத்துக்கு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தோற்று எட்டாவதாக வந்தால் அடுத்த முறை கீழ்ப்பிரிவில் ஆட வேண்டும். எங்களைப் போலவே எல்லாரிடமும் தோற்று வந்திருந்த அணிதான் எதிரில். மூன்றாவது கால்பகுதியில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். அவர்கள் பஞ்சாப்காரியைச் சுற்றி மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள், அவள் கைக்குப் பந்தே போகவில்லை. எங்களில் தூரத்திலிருந்து எறிபவள் நான்கு தவறு செய்துவிட்டாள், ஐந்தானால் ஆட்டத்தைவிட்டே போக வேண்டும் என்பதால் வெளியே வந்து உட்கார்ந்தாள். பயிற்சியாளர் பெஞ்சின் கடைசிவரை பார்த்தார். என் பெயரைச் சொன்னார்.

உள்ளே போன முதல் நிமிடத்திலேயே பந்து என்னிடம் வந்தது. முன்னால் ஆளே இல்லை. எறிந்தேன். அது வளையத்தைத் தொடவில்லை, பலகையைத் தொடவில்லை, ஓரடி முன்னாலேயே விழுந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு பகுதி சிரித்தது. எந்த ஊரிலும் அந்தச் சிரிப்பு ஒரே மாதிரிதான் இருக்கிறது. நான் திரும்பி ஓடினேன். பஞ்சாப்காரி பக்கத்தில் ஓடியபடி என்னவோ சொன்னாள், அது இந்தி மொழியா பஞ்சாபி மொழியா என்றுகூடத் தெரியவில்லை. மறுபடி போடு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பந்து இடப்பக்கத்திலிருந்து நெஞ்சுக்கு நேராக வந்தது. எறிந்தேன், விழுந்தது. மூன்று புள்ளி. அதற்கடுத்து வந்தது மோசமான பந்து. கொடுத்தவள் தடுமாறியபடி கொடுத்ததால் என் முட்டிக்குக் கீழே வந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. குனிந்து வாங்கி, அப்படியே எழும்பி எறிந்தேன். அதுவும் விழுந்தது. பள்ளிக்கூடத்துச் சிமென்டுத் தரையில் எத்தனை நூறு பந்துகளை அப்படிப் பொறுக்கி எறிந்திருப்பேன் என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். இயந்திரம் அப்படிப் பந்து போடவே போடாது.

அதன் பிறகு அவர்கள் பஞ்சாப்காரியைச் சுற்றி நின்ற மூவரில் ஒருத்தியை எடுத்து என்னோடு ஒட்டவிட்டார்கள். ஆறடிக்காரி, நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் கூட வருவாள்போல் ஒட்டிக்கொண்டாள். பயிற்சியாளர் என்னை மூலையில் போய்ச் சும்மா நிற்கச் சொன்னார். நான் மூலையில் நின்றேன், அவளும் மூலையில் நின்றாள், உள்ளே இடம் கிடைத்த பஞ்சாப்காரி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் தள்ளினாள். மீதி நேரம் முழுவதும் என் கைக்குப் பந்து வரவில்லை. நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். நான் ஆடியது மொத்தம் ஒன்பது நிமிடம், ஆறு புள்ளி.

உடை மாற்றும் அறையிலிருந்தே அவரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வுடு. ஒன்னு போவலன்னா இன்னா இப்போ? அங்க போயி நின்னதே பெருசு. டீம் கெலிச்சிதுல்ல. நடுவுல கொஞ்சம் படம் நின்னுபோச்சி, அப்பால நான் பாத்துக்கினே இருந்தேன், அவளுங்க உனக்குப் பந்தே குடுக்கல, மூலையில நிக்க வுட்டுட்டாளுங்க. அது அவளுங்க தப்பு, உன் தப்பு இல்ல. நாளைக்கு வூட்டுக்கு வா, பாத்துக்கலாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் உள்ளே போனதும் வளையத்தைத் தொடாமல் விழுந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுபோயிருக்கிறது. கைப்பேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மாமனார் அதை வாசலுக்கு எடுத்துப் போய், மாடிக்கு எடுத்துப் போய், கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்திருக்கிறார். படம் திரும்ப வந்தபோது நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தவறுக்காக என்னைத் தண்டித்து ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஆட்டம் முடியும் வரை என்னிடம் எப்படி ஆறுதல் சொல்வது என்று அப்பாவும் பிள்ளையும் பேசி வைத்திருக்கிறார்கள்.

நான் குறுக்கே பேசவில்லை. தயார் செய்து வைத்திருந்த ஆறுதல் முழுவதையும் அவர் சொல்லி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சொல்லைக்கூட இழக்க எனக்கு மனமில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னேன்.

"ரெண்டு போட்டேன். ரெண்டும் கோட்டுக்கு வெளியேருந்து. படம் நின்னுச்சில்ல, அப்போ."

அவருக்குப் பின்னால் மாமனார், என்னவாம் என்று கேட்பது கேட்டது.

"எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சி பந்து?" என்றார் என் கணவர்.

"எடப்பக்கம்."

"நெஞ்சுக்கு நேரா குடுத்தாளா?"

"ஒன்னு நெஞ்சுக்கு நேரா. இன்னொன்னு முட்டிக்குக் கீழ வந்துச்சி, நீங்க போடற மாதிரி. அதையும் போட்டுட்டேன்."

அவர் போனை மாமனாரிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மாமனார் எனக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. அவன் அழுகிறான், நீ சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே முழு ஆட்டமும் இணையத்தில் வந்துவிட, அந்த ஒன்பது நிமிடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்களாம்.

சென்னை விமான நிலையத்துக்கு அவர் தனியாக வந்திருந்தார். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் எம்பி எம்பிப் பார்ப்பது எனக்கு உள்ளேயிருந்தே தெரிந்தது. பஞ்சாப்காரியும் அதே விமானத்தில் வந்து அங்கிருந்து வேறு விமானம் ஏற வேண்டியிருந்தது, வெளியே வரை வந்தாள். அவர் அவளுக்குக் கும்பிடு போட்டு, மூன்று பேர் சுற்றி நின்றும் நீ அசரவில்லையே அம்மா என்று தமிழில் நீளமாகப் பாராட்டினார். அவள் பஞ்சாபியில் நீளமாக ஏதோ பதில் சொன்னாள். இருவரும் ஒருவர் சொன்னதற்கு ஒருவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் மொழிபெயர்க்கப் போகவில்லை.

ஒதியம்பட்டில் தெருமுனையில் எனக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள், பத்தடிக்கு ஆறடி. தேசத்தின் பெருமை, மண்ணின் மகள் என்றெல்லாம் எழுத்து. நடுவில் நீல உடையில் நான் எம்பி நின்று எறியும் படம். தெருக்காரர்கள் கேட்டபோது என் கணவர் நேரலை ஓடும்போது கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த ஒரே படத்தைக் கொடுத்திருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தேன். பின்னால் இருந்த ஆட்டக் கடிகாரத்தில் நேரம் தெரிந்தது. அது வளையத்தைத் தொடாமல் விழுந்த அந்த முதல் எறிதல். படம் நின்றுபோவதற்குச் சற்று முன் எடுத்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, கை நல்லா நேரா இருக்குது பாரு என்றார். தெருவே அந்தப் படத்தின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடமும் முகாமுக்கு அழைத்தார்கள். பதினைந்தாவது நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் இடத்துக்கு வந்தவளுக்குப் பத்தொன்பது வயது, என்னைவிட வேகமாக ஓடினாள், என்னைவிட நன்றாக எறிந்தாள். அநியாயம் என்று சொல்ல எதுவும் இல்லாததால் அழுவது கஷ்டமாக இருந்தது. என் கணவர் பேருந்து நிலையத்துக்கு வந்து பையை வாங்கி வண்டியில் மாட்டினார். பிறகு, பள்ளியில் வளையம் துருப்பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். அடித்தோம். இன்றும் ஆடுகிறேன், புதுச்சேரி அணிக்கு மட்டும். முந்நூறு இப்போது நூற்றைம்பதாகிவிட்டது. அவர் எறியும் பந்து இப்போதெல்லாம் பத்துக்கு ஒன்பது நெஞ்சுக்கு நேராகவே வருகிறது.

முகாமிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பியதற்கு அடுத்து வந்த தை மாதம் அறுவடை முடிந்து நெல்லைச் சாலையோரம் காயப் போட்டிருந்தோம். பருவம் தப்பி மழை வந்தது. தார்ப்பாய் ஒரு குவியலுக்குத்தான் போதுமாக இருந்தது. மாமனார் வீட்டுக்குள் ஓடிப் போய் எதையோ சுருட்டி எடுத்து வந்தார். விரித்தால் என் ஃப்ளெக்ஸ். கொண்டாட்டம் முடிந்ததும் கழற்றி மடித்து, கட்டிலுக்குக் கீழே வைத்திருந்திருக்கிறார். ஒரு முனையை நான் பிடிக்க, ஒரு முனையை என் கணவர் பிடிக்க, காற்றோடு மல்லுக்கட்டி நெல்மேல் போட்டோம். என் முகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது, அதன்மேல் சடசடவென்று மழை விழுந்தது.

"திருப்பிப் போடலாம்பா, மூஞ்சி நனையுது" என்றார் என் கணவர்.

"சாயம் நெல்லுல ஒட்டிக்கும்டா. செங்கல்ல எட்றா மொதல்ல" என்றார் மாமனார்.

நான்கு பக்கமும் செங்கல் வைத்துவிட்டு மூவரும் பக்கத்துக் கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். சாயங்காலம் மழை விட்டது. தூக்கிப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு படி நெல் மட்டும் நனைந்திருந்தது. மறுநாள் வெயில் வந்ததும் அதைத் தனியாகப் பரப்பிக் காய வைத்தோம்.